ஊழியமும் அழைப்பும்: யாழ்ப்பாணம், திருநெல்வேலி, தோர்ணக்கல்

1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துத் திருச்சபைகளைக் காணச் சென்ற இருவருள் ஒருவர் அமெரிக்கர், மற்றவர் தமிழர். அமெரிக்கரான ஷெர்வுட் எடியும், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அக்காலத்தில் ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலர்களாகத் தென்னிந்தியாவில் பணியாற்றிவந்தனர். யாழ்ப்பாணத்தில் அவர்கள் கண்ட ஒரு செய்தி அசரியாவின் மனத்தில் ஆழமாகத் தைத்தது. அமெரிக்க மிஷனின் உழைப்பால் உருவான அந்தச் சிறிய தமிழ்ச் சபை, தன் மாணவர்களின் பணத்தையும் சபையாரின் காணிக்கையையும் கொண்டு, பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமநாதபுரக் கடற்கரையின் தொண்டிப் பகுதியில் ஒரு நற்செய்திப் பணியை நடத்திக்கொண்டிருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறும் பல்லாயிரக்கணக்கான சபையாரும் கொண்ட திருநெல்வேலிக்கு, தன் எல்லைக்கு வெளியே தானே அனுப்பித் தானே தாங்கிய ஒரு மிஷனெரிகூட இல்லை.

தொண்டிப் பணியை நடத்திய அமைப்பின் பெயர் கருதத்தக்கது. அது யாழ்ப்பாண மாணவர் 'அந்நிய நாட்டு' மிஷனெரி சங்கம் என்ற பொருளில் பெயரிடப்பட்டிருந்தது. அக்கரையில் பேசப்பட்டதும் தமிழே. மீனவரும் வணிகரும் தோணியில் நெடுங்காலமாகக் கடந்து பழகிய நீர் அது. ஆயினும் அந்த மாணவர்களுக்குத் தொண்டி அந்நிய நாடாயிற்று. அந்நிய நாட்டுக்கு ஆள் அனுப்புவது அதுவரை பாஸ்டனுக்கும் இலண்டனுக்கும் மட்டுமே உரிய செயலாக இருந்தது. அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டதன் மூலம் அம்மாணவர்கள் தம்மை யாரென்று கருதினர் என்பதை உணர்த்திவிட்டனர். பிறரால் அனுப்பப்பட்டவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட மக்கள், தாமும் அனுப்பவல்ல மக்கள் என்று தம்மை அறிவித்துக்கொண்ட தருணம் அது.

தமிழ்ப் புராட்டஸ்தாந்தக் கிறிஸ்தவர்கள் தம் கிறிஸ்தவ அடையாளத்தைப் புரிந்துகொண்ட முறையில் இத்தருணம் ஏற்படுத்திய மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கிறிஸ்தவன் என்பதற்கு மதம் மாறியவன், மிஷனைச் சேர்ந்தவன், இன்ன சாதியிலிருந்து வந்தவன் என்றெல்லாம் பொருள் வழங்கிய ஒரு சமூகத்தில், அழைக்கப்பட்டவன், ஆகவே அனுப்பப்படுகிறவன் என்னும் பொருள் எவ்வாறு வேர்கொண்டது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதே இங்கு வினா.

ஒரு சொல்லின் பயணம்

இவ்வினாவுக்குள் நுழைய ஒரு சொல் வாயிலாகும். இன்று தமிழ்க் கிறிஸ்தவர் வாயில் மிகச் சாதாரணமாக வழங்குவது 'ஊழியம்' என்னும் சொல். ஊழியக்காரர், ஊழிய அழைப்பு, முழுநேர ஊழியம் என்னும் தொடர்களில் அது உயர்ந்த மதிப்போடு ஒலிக்கிறது. ஆயின் இச்சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சிக்கால யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்பது குடிகள் அரசுக்குச் செய்துதீர வேண்டிய கட்டாய வேலை. செய்ய இயலாதவர் அதற்கு ஈடாகப் பணம் கட்டவேண்டியிருந்தது. தென்திருவிதாங்கூரில் நாடார் முதலிய சாதியினர்மீது சுமத்தப்பட்ட கூலியில்லா வேலைக்கும் அதுவே பெயர். கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வூழியத்திலிருந்து விலக்குப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு எழுந்த பெரும் வழக்குகளுள் ஒன்று.

ஆண்டவருக்குச் செய்யும் தொண்டையும் மேலோர்க்குச் செய்யும் பணிவிடையையும் குறிக்க இச்சொல் முன்னரே வழங்கியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், வாரத்தில் ஆறு நாள் அதிகாரியின் ஊழியத்துக்கு ஓடிய ஒருவன் ஏழாம் நாள் தேவனுடைய ஊழியத்துக்கு அழைக்கப்படுகிறான் என்று கேட்டபோது, அச்சொல்லின் இரு பொருளும் அவன் காதில் மோதியிருக்கவேண்டும். ஒன்றில் அவனுக்கு மறுக்கும் உரிமை இல்லை. மற்றொன்றில் அவனுடைய இசைவு இல்லாமல் எதுவும் நடவாது. கட்டாய வேலையின் பெயரே விருப்ப வேலையின் பெயராகியதைச் சொல்லாராய்ச்சியாளர் ஒரு வரியில் கடந்துவிடலாம். சமூக வரலாறு அவ்வளவு விரைந்து கடக்க இயலாது. பின்னாளில் 'அழைப்பு' என்னும் சொல்லுக்குத் தமிழ்ச் சபைகளில் கிடைத்த பேரழுத்தத்திற்கு இப்பின்னணியும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. அழைக்கப்படுபவனுக்கு 'வருகிறேன்' என்றும் 'வரவில்லை' என்றும் சொல்லும் தகுதி உண்டு என்பது அதனுள் அடங்கியிருக்கிறது.

முன்னோடிகள்

திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே தமிழர் தமிழருக்குச் சொன்ன செய்தியால் விளைந்தது. 1778இல் பாளையங்கோட்டையில் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா என்னும் பெண்மணியைச் சுற்றியே அங்கு சபை கூடியது. 1780இல் பதிவேட்டிலிருந்தவர்கள் 40 பேர். தஞ்சையிலிருந்து அங்கு வந்து தங்கிச் சபையை வளர்த்த சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். நாடார் மக்களிடையே முதலில் செய்தி கொண்டுசென்ற தாவீது சுந்தரானந்தமும் அம்மண்ணின் மகனே. துன்புறுத்தலுக்கு அஞ்சிய புதுக் கிறிஸ்தவர்கள் 1799இல் அமைத்துக்கொண்ட முதலூர் என்னும் குடியிருப்பு அவர் பெயரோடு இணைந்தது. மிஷனெரிகளின் அறிக்கைகளில் இவர்கள் 'உதவியாளர்' என்றே குறிக்கப்படுகின்றனர். அறிக்கை எழுதியவர் யார், அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால் இதில் வியப்பில்லை.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ், உபதேசியார்களைப் பயிற்றுவித்து ஊர்தோறும் அனுப்பும் முறையை விரிவுபடுத்தினார். அவர் காலத்தில் உருவான தர்ம சங்கம், உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் நன்கொடையையும் சேர்த்து நிலம் வாங்கி, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டோர்க்குக் குடியிருப்புகளை அமைத்தது. சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், மெய்ஞ்ஞானபுரம் என்று இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள், ஒரு சமூகம் தன் புதிய அடையாளத்தை நிலப்படத்தில் எழுதிய விதத்தைக் காட்டுகின்றன.

ஆயினும் இவ்வூர்கள் எவ்வளவு வளர்ந்தாலும், கடிவாளம் வேறு கையில் இருந்தது. உபதேசியாருக்குச் சம்பளம் மிஷனிடமிருந்து வந்தது. அவரை இடம் மாற்றுவதும் நீக்குவதும் மிஷனெரியின் அதிகாரத்தில் இருந்தன. ஊரார் கண்ணில் அவர் மிஷனின் ஆள். விசுவாசத்தால் சொல்கிறாரா, சம்பளத்துக்காகச் சொல்கிறாரா என்ற ஏளனத்தை அவர் நாள்தோறும் கேட்டாக வேண்டியிருந்தது. அவ்வேளனம் முற்றும் அநியாயமானது என்றும் சொல்வதற்கில்லை. மிஷன் வேலை ஓர் உத்தியோகமாகவும் இருந்தது. படித்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞனுக்குத் திறந்திருந்த சில கதவுகளுள் அது ஒன்று.

சபை தன் பணத்தால் ஆளனுப்பும் பழக்கத்தின் விதைகள் இந்நிலையிலும் தென்படுகின்றன. 1854இல் இராக்லண்ட் என்னும் ஆங்கிலேயர் சிவகாசியை மையமாகக் கொண்டு வடதிருநெல்வேலியில் கூடாரம் அடித்துச் சுற்றும் பணியைத் தொடங்கியபோது, தென்பகுதிச் சபைகள் தம் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. அதே 1854இல் இலங்கையின் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிற்று. அதற்கும் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கடல்கடந்து சென்றனர். புலம்பெயர் தமிழரின் வரலாற்றில் கங்காணிக்கும் கூலிக்கும் கிடைக்கும் இடம் இந்த உபதேசியாருக்கு இன்னும் கிடைக்கவில்லை. தோட்டத்து லயங்களில் அவர் ஒரு விந்தையான மனிதராகவே இருந்திருப்பார்: தொழிலாளரின் மொழியையும் ஊரையும் சாதி வழக்குகளையும் அறிந்தவர், ஆயின் தோட்டத்துரைமாரின் நன்கொடையும் சேர்ந்து நடத்திய மிஷனின் சம்பளத்தில் வாழ்ந்தவர்.

யாழ்ப்பாணத்தின் போக்கு சற்று வேறானது. 1816இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் பள்ளிகளிலும் அச்சகத்திலும் ஊன்றிநின்றது. 1823இல் எழுந்த வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்படும்வரை தமிழும் ஆங்கிலமும் வானநூலும் கற்ற ஒரு தலைமுறையை உருவாக்கிற்று. 1834இல் அமெரிக்க மிஷன் மதுரையில் காலூன்றியபோது யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் உடன்சென்றனர். ஆகவே தொண்டிக்கு ஆளனுப்பிய மாணவர்களுக்கு முன்னுதாரணம் இல்லாமற் போகவில்லை. வேறுபாடு, இம்முறை அனுப்பியவரும் தமிழர் என்பதில் இருந்தது. இதே மண்ணில் மறுதிசையிலும் ஓர் அழைப்பு எழுந்தது என்பதை இங்கு விடலாகாது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847 முதல் வண்ணார்பண்ணையில் சைவப் பிரசங்கம் செய்தார். பின் பாடசாலையும் அச்சகமும் நிறுவினார். தாம் பெற்ற மெய்யைப் பிறருக்குச் சொல்லும் கடன் தமக்குண்டு என்ற உணர்வு யாழ்ப்பாணத்தில் இரு சமயத்தாருக்கும் பொதுவாயிற்று.

பிடியரிசியும் சங்கமும்

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய அசரியா காலந்தாழ்த்தவில்லை. 1903 பெப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. அதன் அடிப்படை எளிது: ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1905 திசம்பர் 25ஆம் நாள், வங்காளத்துச் சேராம்பூரில் வில்லியம் கேரியின் நினைவு நிறைந்த நூலகத்தில், பல மாகாணத்துக் கிறிஸ்தவர்கள் கூடி தேசிய மிஷனெரி சங்கத்தை நிறுவியபோதும் இவ்வடிப்படையே ஏற்கப்பட்டது. வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கம் எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. அந்நியத் துணியை மறுத்தவர்களின் மொழியும் அந்நியப் பணத்தை மறுத்த கிறிஸ்தவர்களின் மொழியும் ஒரே காற்றைச் சுவாசித்தன. ஆயினும் இவர்கள் ஐரோப்பிய மிஷனெரிகளைப் பகைத்தவர்கள் அல்லர். சங்கத்தை உருவாக்கியதில் எடியின் துணை பெரிது. அசரியா அந்நட்பை ஒருநாளும் மறைத்ததில்லை.

நிர்வாக விதிகளைக் காட்டிலும் பணம் வந்த வழியே ஆய்வாளர் கவனத்துக்கு உரியது. திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளில் உலையிலிடும் அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் இருந்தது. அப்பிடியரிசி சேர்ந்து, விற்கப்பட்டு, காணிக்கையாயிற்று. ஆண்டுதோறும் ஸ்தோத்திரப் பண்டிகையில் கருப்பட்டி, கோழி, தேங்காய், முட்டை, முதற்பலன் ஆகியன ஆலயத்துக்கு வந்து ஏலத்தில் விலைபோயின. ஒரு முட்டைக்கு அதன் விலையைப்போலப் பன்மடங்கு கேட்கும் அவ்வேலத்தில் பக்தியும் பெருமையும் ஊர்ப்போட்டியும் கலந்தேயிருந்தன. அக்கலப்பைத் தூய்மைப்படுத்திக் காட்ட வேண்டியதில்லை. பனையேறும் குடும்பங்களின் வருவாய் பருவத்தைச் சார்ந்தது. அவ்வருவாயிலிருந்து பிரிந்த பிடியரிசி, அவ்வீட்டார் ஒருநாளும் காணப்போகாத தெலுங்கு ஊர்களுக்கு ஒரு மனிதரை அனுப்பிவைத்தது.

அரிசியை எடுத்துவைத்த கை பெண்ணுடையது. சங்கத்தின் குழுக்களில் ஆண்களின் பெயர்களே நிறைந்துள்ளன. சங்கத்தின் கருவூலமோ அடுக்களையில் இருந்தது. அசரியாவின் மனைவி அன்பு மரியம்மாள், திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்களுள் முதன்முதலாகக் கல்லூரிக் கல்விக்குச் சென்றோர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். 1898இல் மணம்புரிந்த இவ்விணையர் பின்னர்த் தெலுங்கு நாட்டில் மேற்கொண்ட பணியில் அவருடைய பங்கு தனி ஆய்வுக்கு உரியது.

தெலுங்கு நாட்டில் தமிழர்

சங்கம் தேர்ந்தெடுத்த களம் நிஜாமின் ஐதராபாத் அரசில் மானுகோட்டா வட்டாரம்; அதன் மையம் இருப்புப்பாதைச் சந்திப்பாகிய தோர்ணக்கல். அங்குப் பேசப்பட்ட மொழி தெலுங்கு. ஆண்டவர் முஸ்லிம் மன்னர். நிலம் பெரும்பாலும் தேஷ்முக்குகள் போன்ற பெருங்குடிகள் கையில். தமிழ் மிஷனெரிகள் மொழியைக் கற்று, உணவிலும் தட்பவெப்பத்திலும் பழகி, மக்களின் நம்பிக்கையைப் பெறவேண்டியிருந்தது. ஆட்களை அனுப்பியதோடு நில்லாமல் தாமும் செல்லவேண்டும் என்ற முடிவுக்கு அசரியா வந்தார். 1909இல் திருநிலைப்பட்டம் பெற்று, செயலர் பதவியைத் துறந்து, தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். அனைத்திந்தியப் புகழை எட்டிக்கொண்டிருந்த ஒருவர், கூடாரத்தில் வாழ்ந்து ஒரு புதுமொழியின் அரிச்சுவடியிலிருந்து தொடங்கிய இச்செயல், அவர் எழுத்துகள் அனைத்தினும் அழைப்பு என்பதற்குச் சிறந்த விளக்கம் எனலாம்.

அடுத்த ஆண்டு, 1910 சூனில், எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்த சுமார் 1,200 பேராளருள் ஆசியர் இருபதுக்கும் குறைவானவர்களே. அந்நியப் பணியாளருக்கும் உள்நாட்டுப் பணியாளருக்கும் இடையேயான ஒத்துழைப்பு என்னும் பொருளில் அசரியா பேசினார். மேலை மிஷனெரிகளின் தியாகத்தை ஏற்றுப் போற்றிவிட்டு, அவர்கள் தராத ஒன்றைக் கேட்டார், அது நட்பு. அரங்கில் சிலர் முகஞ்சுளித்தனர். பிற்காலத்தில் அம்மாநாட்டைப் பற்றி எழுதிய பலரும் தவறாது நினைவுகூரும் உரையாக அதுவே அமைந்தது. அவ்வுரையை ஓர் அடிமைப்பட்ட நாட்டான் விடுத்த விண்ணப்பம் எனப் படிப்பது பழக்கம். அவர் அப்பொழுதே தானும் ஒரு 'வெளியூர்' மிஷனெரியாகத் தெலுங்கரிடையே நின்றவர் என்பதைச் சேர்த்துப் படித்தால் பொருள் கூர்மையாகிறது. ஐரோப்பியரிடம் அவர் எதைக் கேட்டாரோ அதே கேள்வியைத் தோர்ணக்கல்லின் மாலர், மாதிகர் தம்மிடம் கேட்கக்கூடும் என்பதை அவர் அறிந்தேயிருந்தார்.

1912 திசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அசரியா ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் ஆயரான முதல் இந்தியர் அவர். அதற்கு முயன்றவருள் முதன்மையானவர் சென்னை ஆயர் ஹென்றி வைட்ஹெட். எதிர்ப்பு இருபுறமிருந்தும் வந்தது. வெள்ளை மிஷனெரிகள் இந்தியர் ஒருவருக்குக் கீழ்ப்பட்டிருக்கத் தயங்கினர். திருநெல்வேலிக் கிறிஸ்தவருள்ளும் நாடார் ஒருவர் ஆயராவதை விரும்பாதோர் இருந்தனர். முதல் இந்திய ஆயருக்கு, இந்தியாவின் மிகப்பெரிய ஆங்கிலிக்கச் சபைகளுள் ஒன்றான தம் சொந்தத் திருநெல்வேலி கிட்டாமல் தொலைவிலுள்ள ஒரு சிறு மறைமாவட்டமே கிட்டியதன் காரணங்களுள் சாதியும் ஒன்று. திருமுழுக்கு நீர் சாதியைக் கழுவிவிட்டதாக மேடையில் பேசிய சபை, ஆயரின் இருக்கைக்கு முன் நின்றபோது கணக்குப் பார்த்தது. தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் பலரும் இவ்விடத்தை விரைந்து கடக்கின்றனர். அசரியாவின் வாழ்க்கை வரலாற்றை விரிவான ஆவண ஆராய்ச்சியுடன் 2000இல் வெளியிட்ட சூசன் ஹார்ப்பர் இதை மறைக்காதது அந்நூலின் சிறப்புகளுள் ஒன்று.

நெற்றியில் வைத்த கை

தோர்ணக்கல் மறைமாவட்டத்துக்கு வந்து சேர்ந்தோருள் பெரும்பான்மையினர் மாலரும் மாதிகரும். இவர்கள் குடும்பமாகவும் ஊராகவும் வந்தனர். தனிமனிதனின் உள்ளமாற்றத்தையே மெய்ம்மாற்றம் எனக் கருதிய நகர்ப்புறக் கிறிஸ்தவருக்கும் அவர்களை விமரிசித்த தேசியத் தலைவர்களுக்கும் இக்கூட்டுச் சேர்க்கை ஐயத்துக்கு உரியதாயிற்று. இம்மக்களுக்குக் கிறிஸ்தவ அடையாளம் என்பது என்ன? உண்மையில் இதுவே அசரியா முப்பதாண்டுகளுக்கு மேலாகப் போராடிய வினா.

அவருடைய விடை ஒரு சடங்கில் அமைந்தது. ஊர்களுக்குச் செல்லும்போது திருமுழுக்குப் பெற்றவர்களைத் தம் கைகளைத் தலைமீது வைத்துக்கொள்ளச் சொல்வார். தாம் திருமுழுக்குப் பெற்றவர் என்பதையும், நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தமக்கு ஐயோ என்பதையும் தம் வாயாலேயே அறிக்கையிடச் செய்வார். பிற்பகுதி, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. பவுல் அதைத் தம் ஒருவரைப் பற்றிக் கூறியிருந்தார். அசரியா அதை எழுத்தறியாத கூலிகள் ஒவ்வொருவரின் கூற்றாக்கினார். குருவுக்கும் உபதேசியாருக்கும் உரியதாக இருந்த ஊழியம், நீர் தொட்ட தலைகள் அனைத்துக்கும் உரியதாயிற்று. தொடக்கூடாதவை எனத் தள்ளப்பட்ட தலைகள் அவை. அவற்றைத் தொட்ட கையும் அவர்களுடையதே.

இது சடங்கோடு நின்றுவிடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை சாட்சி வாரம் எனப் பெயரிட்ட நாட்களில் மறைமாவட்டமெங்கும் சபையார் அண்டை ஊர்களுக்குப் பாட்டும் மேளமுமாகச் சென்றனர். மாலரும் மாதிகரும் தாம் நுழைய அஞ்சிய தெருக்களை நோக்கிச் சொல்வதற்கு ஒன்றைப் பெற்றவர்களாகச் சென்றது, சமயச் செயலாக இருந்த அளவுக்குச் சமூகச் செயலாகவும் இருந்தது. 1930களில் தாழ்த்தப்பட்டோர் அல்லாத சாதியினரும் சபைக்கு வரத் தொடங்கினர். குடியை விட்டுத் தூய்மையாக வாழத் தொடங்கிய மாலரைக் கண்டே தாம் வந்ததாக அவர்கள் சொன்னதை அசரியா மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார். அதில் ஒரு மேலிருந்து பார்க்கும் தொனி உண்டு. ஒழுக்கத்தால் தகுதியை மெய்ப்பிக்கும் கடமையை ஒடுக்கப்பட்டவன் மேலேயே சுமத்துவதும் உண்டு. நாடார் சமூகம் தன் எழுச்சியில் கடைப்பிடித்த வழியையே அவர் மாலருக்கும் காட்டினார் என்று கொள்வது பொருந்தும்.

1920களின் தொடக்கத்தில் அண்டைத் தெலுங்கு மாவட்டங்களின் மிஷன் பகுதிகளும் தோர்ணக்கல்லோடு சேர்ந்தன. அவற்றில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஓர் இந்தியரைத் தம் ஆயராக ஏற்றனர். அவர் காலத்திறுதியில் மறைமாவட்டத்துக் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இவ்வளவு பெரிய சபையைத் தாங்கியவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழர் அல்லர். தெலுங்குக் குருமாரும் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுமே. தோர்ணக்கல்லின் பயிற்சிப் பள்ளியில் மணமானவர்கள் மனைவியரோடு சேர்ந்தே பயின்றனர்; மனைவியும் ஊருக்கு ஆசிரியையாகத் திரும்பவேண்டும் என்பது நோக்கம். தமிழ் மிஷனெரி தான் தேவையற்றவராகும் நாளுக்காக உழைத்தார். எல்லா இடத்திலும் அது நிறைவேறிற்று என்று சொல்வதற்கில்லை. வெளியிலிருந்து வரும் பணத்தை எதிர்பார்க்கும் மனப்பான்மை தோர்ணக்கல்லிலும் தலைதூக்கிற்று. அசரியா கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலொன்று எழுத நேர்ந்தது அதனால்தான். பிடியரிசியின் மகன், சபை தன் காலில் நிற்பதற்குக் கொடுத்தலையே முதற்படியாகக் கண்டார்.

அரசியல் களத்திலும் இவ்வடையாள வினா அவரைத் துரத்தியது. கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். தனித்தொகுதி திருச்சபையைத் தன்னலம் பேணும் ஓர் அரசியல் வகுப்பாக்கிவிடும் என்பது அவர் வாதம். ஆயினும் மதமாற்றத்தைப் பொறுத்தவரை காந்தியடிகளோடு அவர் உடன்படவில்லை. 1935இல் அம்பேத்கர் தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தபின் இவ்விவாதம் கூர்மையடைந்தது. ஒடுக்கப்பட்டோர் சமயத்தை உணர்ந்து தேர்ந்துகொள்ளும் நிலையில் இல்லை என்ற கருத்தைக் காந்தியடிகள் பலமுறை வெளியிட்டார். தலையில் கைவைத்து அறிக்கையிட்ட மக்களை நேரில் கண்ட ஆயருக்கு அது ஏற்புடையதாகவில்லை. தேசியவாதியாகவும் மிஷனெரியாகவும் ஒருங்கே வாழ முயன்ற அவரை, தேசிய வரலாறும் முழுமையாக ஏற்கவில்லை. மிஷன் வரலாறும் நெடுநாள் வரை 'முதல் இந்திய ஆயர்' என்ற ஒற்றை வரியிலேயே நிறுத்தியது.

1939 சனவரி 6ஆம் நாள் திருநிலைப்படுத்தப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் கோயில் தூண்களும் மசூதியின் குவிமாடங்களும் ஒன்றாக நிற்கின்றன. நிதி போதாமையால் அதன் கட்டுமானம் பல்லாண்டுகள் இழுத்தது. அசரியா 1945 சனவரி 1ஆம் நாள் தோர்ணக்கல்லிலேயே காலமானார். அங்கேயே அடக்கம் பெற்றார். வெள்ளாளன்விளைக்கு அவர் திரும்பவில்லை.

தென்னிந்தியத் திருச்சபைகளின் ஐக்கியத்துக்காக அவர் 1919ஆம் ஆண்டுத் தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து உழைத்தார். பலனைக் காண வாழவில்லை. 1947 செப்டெம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, தோர்ணக்கல்லும் திருநெல்வேலியும் அதன் மறைமாவட்டங்களாயின. கடலுக்கு அப்பாலிருந்த யாழ்ப்பாணமும் ஒரு மறைமாவட்டமாக அதனோடு இணைந்தது. அதன் முதல் ஆயர் சபாபதி குலேந்திரன் ஒரு தமிழர்; பின்னாளில் தமிழ் விவிலியத்தின் வரலாற்றை எழுதியவர். வேறு நாடாகப் பிரிந்துகொண்டிருந்த இலங்கையின் வடமுனை, இந்தியச் சபையொன்றோடு ஒரே திருச்சபையாக நின்றது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தொண்டியை அந்நிய நாடு என்று குறித்த சங்கத்தின் மாணவர்களுள் சிலர் அன்றும் உயிரோடிருந்திருக்கக்கூடும்.